காலையில் காலியாகும் பெட்டி

பிப்ரவரி 7, 2005, திங்கள்

இல்லை, அவர் மீது கோபமெல்லாம் இல்லை. பொங்கலுக்கு முன் அனுப்பிய அத்தியாயத்துக்கு இன்னும் ஒரு வரிகூட வரவில்லை என்பது ஒரு தகவல். தகவல் மீது யார் கோபப்படுவார்கள்.

லூர்தம்மாள் என் ஆய்வு நெறியாளர். போன ஆகஸ்டில் போலந்துக்குப் போனார், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு தமிழ் கற்பிக்க. போகும்போது சொன்னார்: "தூரம் ஒண்ணும் இல்ல வடிவு. நீ மெயில்ல அனுப்பு, நான் மெயில்ல திட்டுறேன்." இரண்டு அத்தியாயங்கள் வரை அப்படியே நடந்தது. மூன்றாவதற்குத் திட்டு வரவில்லை.

பொங்கலுக்குத் தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருந்தேன். விடுமுறையில் அவர் எழுதித் தவறிவிடக் கூடாதென்று அத்தானின் கணினியிலும் என் கணக்கைப் போட்டு, தினமும் பார்த்தேன். அப்போதும் இல்லை. ஊர் திரும்பிய பிறகும் இல்லை.

ஆய்வு, நாளிதழ்களில் வரும் 'காணவில்லை' விளம்பரங்களின் மொழி பற்றியது. கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, உங்கள் வீட்டில் யாராவது காணாமல் போனார்களா என்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அறையைப் பெருக்கினேன். ரெஜினாவின் கட்டிலுக்கு அடியிலும்.

பிப்ரவரி 8, செவ்வாய்

இல்லை. துணி துவைத்தேன்.

பிப்ரவரி 11, வெள்ளி

என் கணக்குக்கு அஞ்சலே வருவதில்லை என்று சொல்ல முடியாது. இந்த வாரம் வந்தவை: ஒரு கருத்தரங்க அறிவிப்பு. பிள்ளையார் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒன்று. நூலகத்திலிருந்து நினைவூட்டல். ரெஜினா கணினி மையத்திலிருந்து அனுப்பியது: "சாயங்காலம் தக்காளி வாங்கிட்டு வா."

எல்லாம் பகலில் எழுதப்பட்டவை. போலந்தில் மாலை என்றால் நமக்கு நள்ளிரவு நெருக்கம். இரவில் எழுதுகிறவர்கள் என்னை மறந்துவிட்டார்கள்.

ரெஜினா என் விடுதி அறைத்தோழி. பல்கலைக்கழகக் கணினி மையத்தில் வேலை. ஆசிரியர், மாணவர் எல்லோருடைய மின்னஞ்சலையும் பார்த்துக்கொள்பவள். பார்ப்பது என்றால் படிப்பது அல்ல. பலமுறை சத்தியம் செய்திருக்கிறாள்.

"அந்தம்மா பிசியா இருப்பாங்கட்டி. ஒரு போனப் போட்டுக் கேளு."

"என்னன்னு கேக்க? என்னைய மறந்துட்டீங்களான்னா?"

"சவம், பதிவு முடியப் போகுது. இதுல ரோசம் வேற."

அது உண்மை. என் பதிவு மார்ச் 31 அன்று முடிகிறது. ஓராண்டு நீட்டிப்பு உண்டு, நெறியாளரின் பரிந்துரைக் கடிதம் இருந்தால். இல்லாவிட்டால் இந்த ஐந்து ஆண்டுகளும் வெறும் ஐந்து ஆண்டுகள். அம்பாசமுத்திரத்தில் அப்பா காத்திருக்கிறார். "இந்த வருசத்தோட முடியலன்னா வந்துரும்மா" என்று மட்டும் சொல்வார். குரல் உயராது. அதுதான் சிரமம்.

பிப்ரவரி 13, ஞாயிறு

அக்கா விடுதிக்குப் போன் செய்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"மூணாவது அத்தியாயம் எப்டிப் போகுது?"

"நல்லாத்தான் போகுது."

"உங்க மேடம் ரொம்பத் திட்டுதாங்களோ?"

"அவங்க எதுக்குத் திட்டணும்? நல்லாருக்குன்னுட்டாங்க."

 "சரி. நேரம் கெடைக்கும்போது பதில் போடு அவங்களுக்கு. பெரியவங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

செண்பகம் அக்கா என் ஆய்வைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. பொங்கலன்று ஏதாவது உளறியிருப்பேன்.

பிப்ரவரி 24, வியாழன்

வந்தது.

பிற்பகலில், நான் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோதே. லூர்தம்மாள் ஆங்கிலத்தில்தான் எழுதுவார். தமிழில் சொன்னால் இவ்வளவு: "வடிவு, முன்பு எழுதிய எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் வயதைக் கடந்துவிட்டேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு விளக்கம் வராமல் நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்திட என்னால் முடியாது. லூர்தம்மாள்."

எழுதிய எதற்கும்? எந்தக் கேள்வி?

உடனே பதில் எழுதினேன். எனக்கு ஒன்றும் வரவில்லை, தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள் என்று. அவசரத்தில் 'தயவுசெய்து' இரண்டு முறை விழுந்துவிட்டது. அப்படியே அனுப்பினேன்.

பிப்ரவரி 28, திங்கள்

பதில் இல்லை. நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். வராத கடிதம், எல்லா மாணவர்களும் சொல்கிற சாக்கு.

விடுதியில் தண்ணீர் வரவில்லை. இரண்டு வாளி கீழேயிருந்து தூக்கினேன்.

மார்ச் 2, புதன்

பதிவை ரத்து செய்துகொள்ளும்படி பதிவாளருக்கு ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்தேன். நல்ல வாக்கியங்கள். முதல் முறையாக என் உரைநடையில் ஒரு சொல்லும் அதிகம் இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான், அவர் சந்தோஷப்படுவார் என்பது நினைவுக்கு வந்தது.

ரெஜினா தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கூறுகெட்டவளே. என்னட்டி இது?"

"அவங்க எனக்கு எழுத மாட்டாங்க. எழுதுனேன்னு சொல்லுதாங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் எப்டிட்டி ஒண்ணாகும்? எழுதிருந்தா எங்க மிஷினுக்கு வந்துதான் போயிருக்கணும். வரவு போக்கு அதுல பதிவாகும். நாளைக்குப் பாக்கேன்."

"அதப் பாக்கலாமா?"

"உள்ள என்னன்னுதான் பாக்கக் கூடாது. வந்துச்சா போச்சான்னு பாக்கலாம்."

விண்ணப்பத்தைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

மார்ச் 3, வியாழன்

ரெஜினா மதியம் துறைக்கே வந்தாள். சாப்பாட்டு டப்பாவோடு. உட்காரவில்லை.

"வந்திருக்கு. போலந்துல இருந்து ஒண்ணு ரெண்டு இல்ல, நெறைய. எல்லாம் ராத்திரி வந்திருக்கு."

"எங்க அது?"

"காலைல யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க. தினமும். எட்டு, எட்டேகால் இருக்கும். உன் பேரு, உன் பாஸ்வேர்டு. வந்து பெட்டியக் காலி பண்ணிட்டுப் போயிருதாங்க. நீ பத்து மணிக்கு வந்து பாக்கும்போது பெட்டில காத்துதான் இருக்கும்."

யார் என்று கேட்டேன். வெளியூர் டெலிபோன் இணைப்பு, அதற்குமேல் தெரியவில்லை என்றாள்.

என் கடவுச்சொல் யாருக்குத் தெரியும்? பிற்பகல் முழுவதும் துறையில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்காரும் எம்.ஃபில். மாணவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பவன். அலுவலக உதவியாளர் நான் தட்டச்சு செய்யும்போது மேசை துடைக்க வருவார். மின்னஞ்சல் தெரியுமா என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். ஒருவரையும் விடவில்லை. ரெஜினாவைக்கூட ஒரு நிமிடம். அவள் எலுமிச்சைச் சாதத்தில் நிலக்கடலையைப் பொறுக்கி எனக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

மாலை கடவுச்சொல்லை மாற்றினேன்.

மார்ச் 4, வெள்ளி

சாயங்காலம் அக்காவின் போன்.

"ஏட்டி வடிவு, காலைல உன் மெயில் எறங்கமாட்டேங்கு. ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்கு. அத்தானுக்கு வர்றதெல்லாம் வருது. என்னட்டி ஆச்சு?"

"என் மெயில் அங்க எதுக்கு வருது?"

"நீதான போட்டுட்டுப் போன, பொங்கலுக்கு. காலைல அவுக ஆபீஸ் மெயில இறக்குவாகள்லா, அதோட உன்னதும் சேந்து இறங்கும். நான்தான் தனியா எடுத்து, உன் பேரு போட்டு வச்சிருக்கேன். இல்லேன்னா அவுக கப்பல் சரக்கோட கலந்துரும்."

"எல்லாம் அங்கயா இருக்கு?"

"எல்லா எடத்துலயுந்தான இருக்கும்? டிவி மாதிரி. எங்க வீட்ல ஓடுறதுதான உங்க வீட்லயும் ஓடும்."

வார்டன் மேசைமீது இருந்த காலண்டரைப் படித்தேன். வெள்ளி. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

"ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"பாஸ்வேர்ட மாத்திட்டியா?"

"ஆமா."

"ஏன்?"

"சும்மா."

அறைக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். கட்டிலில் விழுந்து, தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். அந்தத் தலையணைக்கு அடியில்தான் என் விண்ணப்பம் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக. நிறுத்த முடியவில்லை. வார்டன் வந்து கதவைத் தட்டினார்.

மார்ச் 6, ஞாயிறு, தூத்துக்குடி

முந்திரி மக்ரூன் வாங்கித் தருவதாகச் சொன்னதால் ரெஜினாவும் வந்தாள்.

அத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். குத்தாலிங்கம் அத்தான் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருக்கிறார். வீட்டுக் கணினி அலுவலகம் கொடுத்தது.

"என்ன கொழுந்தியா, உன் லெட்டரக் கடத்துனேன்னு போலீசுக்குப் போவப் போறியா? நான் சரக்கு எறக்குறவன். எது வந்தாலும் எறக்கி வச்சிருவேன். மூட்டை மேல உள்ள மார்க்கு பாத்துப் பிரிக்கிறது உங்கக்கா டிபார்ட்மெண்டு."

"போதும் உங்க பேச்சு" என்றாள் அக்கா. "உள்ள வா புள்ள. உன் பேரு ரெஜினாதான? சொதி வச்சிருக்கேன்."

கணினி மேசையில் ஒரு பக்கம் அத்தானின் ரசீதுகள். இன்னொரு பக்கம் ஆங்கிலம்-தமிழ் அகராதி, பழையது, முதுகில் சாக்லேட் காகிதம் ஒட்டியது. பள்ளிக்கூடத்தில் அக்கா பரிசாக வாங்கியது. அம்பாசமுத்திரம் வீட்டுப் பரணில் இருந்ததாக ஞாபகம்.

'வடிவு' என்று ஒரு கோப்புறை. அதற்குள் பதினொரு கடிதங்கள், தேதி வரிசையில். திறக்காத கடிதம் தடித்த எழுத்தில் தெரியும். இங்கே ஒன்றும் தடித்திருக்கவில்லை.

உட்கார்ந்து படித்தேன். அக்கா சமையலறையில் இருந்தாள். வழக்கத்தைவிடப் பாத்திரச் சத்தம் அதிகம்.

முதல் கடிதம் ஜனவரி 17. அன்புதான். அத்தியாயம் நன்று, இன்னின்ன திருத்தங்கள். கடைசியில்: "உன் சான்று விளம்பரங்களின் எண்வரிசையில் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு வருகிறது. 41 எங்கே?" இரண்டாவதிலும் அதே கேள்வி. மூன்றாவதில் கொஞ்சம் விறைப்பாக. ஐந்தாவது நீளமானது: "எல்லா விளம்பரங்களிலும் ஒரு வரி வருகிறது, 'எங்கிருந்தாலும் உடனே வரவும்'. இது யாரிடம் பேசுகிறது? கண்டுபிடித்துத் தருபவரிடமா, காணாமல் போனவரிடமா? நீ முதலாமவரோடு நின்றுவிடுகிறாய். இரண்டாமவர் பக்கத்தில் நீ ஏன் போகவே இல்லை? 41 அங்கேதான் இருக்கிறதா?" எட்டாவது: "ஓர் எண்ணை ஒளித்துவைத்திருக்கும் ஆய்வுக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது?"

கடைசி இரண்டு, நான் பதில் எழுதிய பிறகு வந்தவை. என்னை நம்புவதாகவே எழுதியிருக்கிறார். கடிதங்கள் எங்கே போகின்றன என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் இங்கேதான் வந்து உட்கார்ந்திருந்தது.

சாப்பிட்டோம். சொதியும் இஞ்சிப் பச்சடியும். நாற்பத்தொன்றைப் பற்றி அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் எனக்கு இரண்டு முறை அப்பளம் வைத்தாள்.

பிறகு ரெஜினா வேலையை ஆரம்பித்தாள். அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"இதுவரைக்கும் வடிவு பெட்டி தெருக்குழாய் மாதிரிக்கா. மொதல்ல கொடத்த வச்சவங்களுக்குத்தான் தண்ணி. இனிமே லைப்ரரி மாதிரி. புக்கு எல்லாம் எங்க மிஷின்லயே இருக்கும். எங்க இருந்து வேணாலும் வந்து படிக்கலாம், வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவ முடியாது. இங்க இறங்கினதையும் இப்ப மேல ஏத்திருதேன்."

"அப்போ யாரு படிச்சாங்கன்னு தெரியுமா?"

"யாருன்னு தெரியாது. படிச்சாச்சுன்னு தெரியும். ஒரு எடத்துல தொறந்தா எல்லா எடத்துலயும் எழுத்து மெலிஞ்சிரும்."

"எழுதிட்டு அனுப்பாம வச்சா?"

"அதுவும் அங்கனதான் இருக்கும். எங்க இருந்து பாத்தாலும் தெரியும்."

"ஓஹோ" என்றாள் அக்கா.

பதினொரு கடிதங்களும் தொலைபேசிக் கம்பி வழியாக ஒவ்வொன்றாக ஏறின. இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. ரெஜினா மக்ரூன் டப்பாவில் பாதியைத் தீர்த்தாள். அத்தான், "பில்லு எகிறப் போகுது" என்று சொல்லிவிட்டு, தானே மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது ரெஜினா கேட்டாள், "உங்கக்கா மிஷின்ல இருந்து உன் கணக்க எடுக்கச் சொல்லவே இல்லையே?"

மறந்துவிட்டேன் என்றேன்.

"புது பாஸ்வேர்ட அங்க அடிச்சது நீதான்."

வல்லநாடு தாண்டியதும் தூங்கிவிட்டாள். அல்லது தூங்குவதுபோல் இருந்தாள்.

மார்ச் 7, திங்கள்

எழுதிவிடுகிறேன். என் நாட்குறிப்பிலாவது.

41: ஜூன் 1993. "காணவில்லை. செண்பகம், வயது 17, மாநிறம், பச்சைத் தாவணி அணிந்திருந்தாள். அம்மா படுத்த படுக்கையாக உள்ளார். எங்கிருந்தாலும் உடனே வரவும். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்." கீழே அப்பாவின் பெயர்.

அம்மா படுத்த படுக்கையாக இல்லை. அடுப்படியில் இருந்தார்.

ஒரு வாரம் கழித்து அப்பாவே போய் அழைத்து வந்தார். எனக்கு அப்போது பதினான்கு. யாருடன் போனாள், ஏன் திரும்பினாள் என்று தெரு முழுவதும் பேசியது. வீட்டில், விளம்பரத்தில் கொடுத்த வாக்கின்படி, யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும். அடுத்த தை மாதம் கல்யாணம்.

நூலகத்தில் பழைய நாளிதழ் கட்டுகளைப் புரட்டியபோது அது வந்தது. எண் போட்டேன், நகலெடுத்தேன், பிறகு தாளை உருவி என் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். எண்களை மாற்றி வரிசைப்படுத்தியிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று தெரியாது.

மார்ச் 9, புதன்

கடிதங்கள் போன கதையை எல்லாம் நேற்று லூர்தம்மாளுக்கு எழுதியிருந்தேன். இன்று காலை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தேன். இருந்தது. காலையில் ஒன்று அங்கே இருப்பது எவ்வளவு சாதாரணமான சந்தோஷம்.

"நானும் அழுத்தக்காரிதான், ஆனால் இந்தப் பெண் என்னை மிஞ்சிவிட்டாள் என்று ஒன்றரை மாதமாக இங்குள்ளவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். உன் அக்காவிடம் சொல்: என் கடிதங்களை இவ்வளவு ஒழுங்காக யாரும் வைத்துக்கொண்டதில்லை. பரிந்துரைக் கடிதம் தயார். 41க்கு ஒரு வரி பதில் எழுது, அன்றே ஃபேக்ஸ் அனுப்புகிறேன். காரணம் எதுவாக இருந்தாலும் சரி. உண்மையாக இருந்தால் போதும்."

இந்தக் கடிதம் தடித்த எழுத்தில் இல்லை. எனக்கு முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள்.

மார்ச் 15, செவ்வாய்

41க்கான அந்த ஒரு வரி எனக்கு எழுத வரவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன்.

மார்ச் 18, வெள்ளி

கருத்தரங்க அறிவிப்பையும் பிள்ளையாரையும் அக்கா திறப்பதில்லை. அவை தடித்தபடியே இருக்கின்றன. லூர்தம்மாள் எழுதினால் மட்டும்.

மார்ச் 24, வியாழன்

ரெஜினா ஈஸ்டருக்குத் தன் ஊருக்கு, நாசரேத்துக்குப் போகிறாள். போகும் முன் என் விண்ணப்பத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

"நான் இல்லாதப்ப நீ இதக் கொண்டு போயி நீட்டிட்டேன்னா?"

"நீட்ட மாட்டேன்."

"பின்ன அந்தம்மாவுக்குப் பதில் போடு. என்ன கேட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் படிக்கிறதில்ல, தெரியும்லா. ஆனா ரெண்டு வாரமா நீ அந்தப் பதில முழுங்கிட்டே திரியுத."

மார்ச் 26, சனி

துறையில் யாரும் இல்லை. எழுதினேன்: "மதிப்பிற்குரிய அம்மா, 41 என்பது எண்ணிடுவதில் நேர்ந்த பிழை. அப்படி ஒரு விளம்பரம் இல்லை. மன்னிக்கவும்."

இது போதும். அனுப்பினால் ஃபேக்ஸ் வரும். அப்படி ஒரு விளம்பரம் இல்லை. படிக்கப் படிக்க, அக்காவே இல்லை என்று எழுதியதுபோல் இருந்தது.

அனுப்பவில்லை. வரைவுகளில் வைத்துவிட்டு மூடினேன். அங்கே வைத்தால் எங்கிருந்தும் தெரியும் என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

மார்ச் 28, திங்கள்

வரைவுகளில் என்னுடையதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. பெறுநர் இடத்தில் லூர்தம்மாளின் முகவரி. ஆங்கில எழுத்துகளில் தமிழ். இங்கே தமிழில் எடுத்து எழுதிக்கொள்கிறேன்.

"அம்மா, நான் வடிவுடைய அக்கா செண்பகம். உங்கள் கடிதங்களைப் படித்ததற்கு மன்னிக்கணும். முதலில் எடுத்துவைக்கத்தான் செய்தேன். பிறகு அடுத்தது எப்போது வரும் என்று இருந்தது.

எண் பிழை இல்லை. நாற்பத்தொன்று நான்தான். வடிவு எனக்காகத்தான் உங்களுக்குப் பதில் போடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை என்று அவள் சொன்னதையும் சாக்கு என்றே நினைத்தேன். கடிதமே அவளுக்குப் போகவில்லை என்பது பிறகுதான் தெரியும். இப்போது எனக்காகப் பொய் எழுதி வைத்திருக்கிறாள். அதை அனுப்ப வேண்டாம்.

நான் யாரோடும் போகவில்லை. பிளஸ் டூவில் நல்ல மார்க். அப்பா போதும் என்றார். மதுரையில் ஒரு காலேஜில் ஃபார்ம் வாங்கப் போனேன். போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் மூடிவிட்டார்கள். கூடப் படித்த பெண் வீடு அங்கே இருந்தது, திங்கட்கிழமை வாங்கிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறலாம் என்று தங்கினேன். திங்கட்கிழமை காலையில் அந்த வீட்டு மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேப்பரில் என் போட்டோ. தாவணி நிறம்கூடத் தப்பு.

அதுவரை நான் ஃபார்ம் வாங்கத்தான் போயிருந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் காணாமல் போனேன். எந்த முகத்தோடு பஸ் ஏறுவது என்று தெரியவில்லை. மாமா போட்ட கடிதம் கிடைத்து அப்பா வரும்வரை அந்த வீட்டிலேயே இருந்தேன்.

எங்கிருந்தாலும் வரவும் என்கிற வரி யாருக்கு என்று ஐந்தாவது கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எழுதினவர்கள் ஊருக்கு எழுதினார்கள். ஆனால் காணாமல் போனவளும் பேப்பர் படிப்பாள். வடிவு இதை எழுதலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதினால் நல்லது."

துறை வாசலில் வேப்பம்பூ கொட்டிக் கிடந்தது. அதன்மேல் நடந்து, சாலையைக் கடந்து, எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன்.

"அக்கா. பாத்தேன்."

"ம்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"யாரும் கேக்கலட்டி. நீங்க எல்லாரும் பாவம் பாத்து விட்டுட்டீய. கேட்டா சொல்லிருப்பேன்."

கண்ணாடிக்கு வெளியே ஒருவர் தன் முறைக்காக நின்றிருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டேன்.

"அத்தானுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லிட்டேன். அவுக ஒண்ணுதான் கேட்டாக, ஃபார்ம் கெடச்சுதான்னு."

"கெடச்சுதா?"

"எங்கட்டி. அன்னைக்கு அந்த வீட்டு வாசலயே நான் தாண்டல."

"தாவணி என்ன நிறம்?"

சிரித்தாள். நான் எதிர்பார்க்காத சிரிப்பு, சின்ன வயதில் சிரிப்பது. "இத்தன வருசம் கழிச்சு இதக் கேக்கா பாரு. கத்திரிப்பூ. பச்சை உன்னுதுட்டி. அப்பாவுக்கு ரெண்டு பேரு துணியும் ஒண்ணுதான்."

"அனுப்பவா?"

"அனுப்பத்தான எழுதுனேன். உன் பேர்ல இருந்து போவுமேன்னுதான் நிறுத்தி வச்சேன். தப்பு கிப்பு இருந்தா திருத்திக்கோ."

"தப்பு ஒண்ணும் இல்ல."

"அப்புறம் வடிவு. பாஸ்வேர்ட மாத்திராத."

திரும்பி வந்தேன். என் வரைவை அழித்தேன். அவளுடையதில் ஓர் எழுத்தையும் தொடாமல் அனுப்பினேன்.

மார்ச் 30, புதன்

ஃபேக்ஸ் வந்தது. தாள் சுருண்டு, மை கொஞ்சம் மங்கல், ஆனால் கையெழுத்து தெளிவு. கூடவே ஒரு மின்னஞ்சல். எனக்கு ஒரே வரி: "இதுதான் உன் மூன்றாவது அத்தியாயம், மறுபடி எழுது." மீதி நீளமாக, திருமதி செண்பகத்துக்கு. அஞ்சல்வழியில் பி.ஏ. பற்றி ஏதோ. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

அலுவலகத்தில் கொடுத்தேன். எழுத்தர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடைசி நாளு வரைக்கும் இழுத்துட்டியளே" என்றார். ஒரு நாள் மிச்சம் இருக்கிறது சார் என்றேன். முத்திரை குத்தி நகலைத் தந்தார்.

திருமதி செண்பகத்துக்கு வந்ததைத் திறக்காத கடிதமாக மறுபடி குறித்து வைத்தேன், எழுத்து தடிக்கும்படி. வெளியே வெயில். பல்கலைக்கழக வாசலில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, பிளந்து மிளகாய்த்தூள் தூவச் சொல்லி, பஸ் வரும்வரை நின்று சாப்பிட்டேன்.